குழலைச் சந்தேகிக்காதவர்

அவர் தைத்த சட்டையொன்று எனக்கு வயிற்றில் இறுக்கியது. கொண்டுபோய்க் காட்டினேன். கழுத்தில் கிடந்த அளவுநாடாவை எடுத்து என் இடுப்பைச் சுற்றிப் பிடித்தார். பிடித்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நாடாவை மறுபடியும் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"நான்தான் பிழையா அளந்திருக்கேன் சேர். வச்சிட்டுப் போங்க, நாளைக்குப் பிரிச்சுத் தைச்சுத் தர்றேன்."

அவர் அளந்ததில் பிழை இல்லை. துணி கொடுத்ததற்கும் சட்டையைப் போட்டுப் பார்த்ததற்கும் நடுவே தீபாவளி வந்து போயிருந்தது. அது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் எங்கே பிழை என்று கேள்வி வந்தால் அவர் முதலில் தன்னைத்தான் பார்ப்பார். அப்படித் தேடினால் எந்த மனிதரிடமும் ஏதாவது ஒன்று அகப்படும். அவருக்கு எப்போதும் அகப்பட்டது.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதட்டுமா என்று அவரிடம் கேட்கும் உரிமையும் எனக்கு இல்லை. மாத்தளை டவுனில், பஸ் நிலையத்திலிருந்து நடந்தே போகக்கூடிய ஒரு குறுக்குத் தெருவில் அவருடைய தையல் கடை இருந்தது. கடை என்றால் ஒரு தையல் மெஷின், ஒரு வெட்டுமேசை, பின்னால் ஒரு சிறிய அறை. பள்ளிக்கூட யூனிஃபோமும் சாரி ஜாக்கெட்டும்தான் அதிகம் தைப்பார். நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்த வயது. கல்யாணமாகாத பெண். வீட்டில் படுக்கையில் கிடந்த அப்பா மட்டும் இருந்தார். அவர் ஒரு காலத்தில் கொக்கோ தோட்டத்தில் வேலை செய்தவர்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். அப்போது எங்கள் பகுதி மரண உதவிச் சங்கத்தின் செயலாளராக இருந்தேன். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் சங்கம் கூடாரமும் கதிரைகளும் கொண்டுபோய்ப் போடும். பிணத்தை எடுக்கும்போது சங்கத்தின் பேண்ட் முன்னால் போகும். ஒரு பெரிய ட்ரம், ஒரு சின்ன ட்ரம், இரண்டு ட்ரம்பெட். ஊதுகிறவர்கள் எல்லாரும் அங்கத்தவர்கள்தான், கூலிக்கு வந்தவர்கள் இல்லை. யட்டவத்த ரோட்டில் டயர் கடை வைத்திருக்கும் ஒருவர் அவர்களுக்குத் தலைவர். அவரை எல்லாரும் மாஸ்டர் என்போம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தத் தையல் கடைக்காரர் என் வீட்டுக்கு வந்தார். என் மனைவி தேத்தண்ணீர் கொடுத்தாள். கப்பைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் குடிக்காமல் இருந்தார்.

"சேர், நம்ம பேண்ட்ல ட்ரம்பெட் ஊத எனக்குப் பழக்குவீங்களா?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"எதுக்கும்மா திடீர்னு?"

"அம்மாவக் கொண்டுபோனப்ப நான் சந்தியிலேயே நின்னுட்டேன் சேர். பொம்பளைங்க அதுக்கு மேல போகக்கூடாதுன்னாங்க. மறுநாள் பால் தெளிக்கவும் ஆம்பளைங்கதான் போனாங்க. கொஞ்ச நாள் கழிச்சு நான் மட்டும் போய்ப் பார்த்தேன். எல்லா மேடும் ஒரே மாதிரி இருந்துச்சு. எதுல அம்மான்னு தெரியல. சும்மா ஒரு மேட்டுக்கிட்ட நின்னு கும்பிட்டுட்டு வந்தேன்."

"அதுக்கு?"

"பேண்ட்காரங்க குழி வரைக்கும் போறாங்கதானே. நான் ஊதிட்டுப் போனா யாரும் நில்லுன்னு சொல்ல மாட்டாங்க. அப்பாவுக்கு என்னை விட்டா யாரும் இல்ல சேர். அவர் போறப்ப நான் கூடப் போகணும்."

அவருக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான். அப்பா கண்ணை மூடுவதற்குள் நாலு சுரம் ஒழுங்காக ஊதப் பழகிவிட வேண்டும். அதற்குப் பிறகு ட்ரம்பெட்டை அவர் வாழ்நாளில் தொடாமல் இருந்தாலும் அவருக்குக் கவலையில்லை.

என் மனைவியும் ஆசிரியை. அவள் உடனே, "நல்ல யோசனைதானே, பழக்குங்களேன். பெண்கள் தினத்துக்கு மேடை மேடையா ஏறிப் பேசுறீங்க" என்றாள்.

உண்மைதான், பேசியிருக்கிறேன். பெண் போகக்கூடாத இடம் என்று ஒன்று இல்லை என்று ஒலிபெருக்கியில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் சங்கத்தின் பேண்டில் ஒரு பெண், மயானத்துக்கு முன்னால் நடந்து போவதா? கமிட்டியில் உள்ள பெரியவர்கள் குதிப்பார்கள். அடுத்த பொதுக்கூட்டத்தில் என் பதவி போகும். இவையெல்லாம் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணங்கள். அடியில் இருந்தது வேறு. எனக்கே அது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல என் படிப்பு இடம்கொடுக்கவில்லை. விதியைக் காட்டி மறுக்கலாம் என்றால் சங்கத்தின் விதியில் ஆண் என்றோ பெண் என்றோ ஒரு சொல்கூட இல்லை.

எனவே சம்மதித்தேன். சங்க மண்டபத்தின் அலுமாரியில் மூன்றாவதாக ஒரு ட்ரம்பெட் கிடந்தது. அதைத்தான் எடுத்துக் கொடுத்தேன்.

அந்த ட்ரம்பெட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊதும்போது குழலுக்குள் எச்சில் நீர் சேரும். அதை வடித்துவிடக் குழலின் முன்வளைவில் ஒரு சிறு துளை இருக்கிறது. துளையை ஒரு துண்டுக் கார்க் அடைத்துக்கொண்டிருக்கும். அந்தக் கார்க் தேய்ந்தால் காற்று அந்த வழியாகக் கசியும். அதனால் சத்தம் நின்றுபோகாது. சில சுரங்கள் வரும், சில நடுங்கும், சில நினைத்தால் வரும். அதுதான் ஆபத்து. முழுதாகவே கெட்டுப்போன குழல் என்றால் எவரும் குழலைத்தான் பார்ப்பார்கள். அரைகுறையாக வேலை செய்கிற குழல், ஊதுகிறவரைத் தன்னையே பார்க்க வைக்கும். அதை அலுமாரியில் வைத்தபோதே மாஸ்டர் என்னிடம் சொல்லியிருந்தார்: "சேர், இதோட கார்க் தேஞ்சுபோச்சு. யாருக்காவது குடுக்கிறதுன்னா சொல்லுங்க, மாத்தித் தர்றேன்."

நான் மாஸ்டரிடம் சொல்லவில்லை. தையல் கடைக்காரரிடமும் சொல்லவில்லை. நான் கண்டியில் படித்த காலத்தில் பள்ளிக்கூட பேண்டில் ட்ரம்பெட் ஊதியவன். ஆரம்பப் பாடத்தை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டேன். பழக வந்தவரிடம் சொன்னது இது: "டோ, ரே, மி, ஃபா, சோ. இந்த ஐந்தும் ஆடாமல் நின்றால் மாஸ்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன். அதுவரைக்கும் பேண்ட் பழகும் இடத்துக்கு வரவேண்டாம், சிரிப்பார்கள்."

சில வாரத்தில் தானாகவே அலுத்துப்போய்க் கொண்டுவந்து வைத்துவிடுவார் என்று எண்ணினேன். மறுத்தவன் என்ற பெயர் எனக்கு வராது. அவரை நான் அறிந்திருந்த இலட்சணம் அவ்வளவுதான்.

மாலையில் கடையின் இரும்புக் கதவைப் பாதி இறக்கிவிட்டுப் பின்னறையில் ஊதுவார். தெருமுனையில் நிற்கும் த்ரீவீல் டிரைவர்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கு.

"அக்கா, எருமை கத்துது, பால் கறந்தாச்சா?"

"நீ வந்து கறடா, முட்டினா என்னயக் கேக்காத!" என்று உள்ளேயிருந்து பதில் வரும். பிறகு மறுபடியும் அந்த நடுங்கும் சத்தம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய்க் கேட்பேன். டோ பெரும்பாலும் நின்றது. ரே நின்றது போலிருந்து கடைசியில் கரகரக்கும். மி ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. சோ என்று பிடித்தால் வழுக்கி டோவில் விழும். ட்ரம்பெட்டில் மூன்று விசைகள்தான் இருக்கின்றன. ஒரே விரலமைப்பில் பல சுரங்கள் உண்டு. எது வெளியே வர வேண்டும் என்று தீர்மானிப்பது உதடும் மூச்சும். ஆகவே எந்தச் சுரம் தவறினாலும் உதட்டைக் குறை சொல்வது சுலபம். நான் குறைகூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவரே சொல்லிக்கொண்டார்.

முதலில் உதடு காய்ந்திருப்பதுதான் காரணம் என்று தேங்காய் எண்ணெய் பூசினார். பிறகு எண்ணெயால்தான் வழுக்குகிறது என்று துடைத்தார். உட்கார்ந்து ஊதுவதால் மூச்சு மடங்குகிறது என்று எழுந்து நின்றார். நாள் முழுக்க மெஷினுக்குக் குனிந்து நெஞ்சு சுருங்கிவிட்டது என்று விடியற்காலையில் மைதானத்தைச் சுற்றி நடந்தார். ஒரு காரணத்தை எடுத்தால் மற்ற எதையும் மாற்றாமல் அதை மட்டும் மாற்றிப் பார்ப்பார். தையல் விட்டுவிட்டு விழுந்தால் முதலில் ஊசி, பிறகு நூல், பிறகு மிதிக்கிற கால் என்று வரிசையாகப் பார்க்கிறவர் அல்லவா. அவ்வளவு ஒழுங்கான தேடலை எங்கள் ஆசிரியர் அறையில்கூட நான் கண்டதில்லை. ஆனால் ட்ரம்பெட் விஷயத்தில் அந்தத் தேடல் அவருடைய உடம்பின் எல்லைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. கைபேசியிலும் தேடினார். உதட்டை எப்படிப் பலப்படுத்துவது என்றே தேடியதால், உதட்டைப் பற்றிய வீடியோக்களே வந்துகொண்டிருந்தன.

ஊதும்போது அவருடைய மடியில் நீர் சொட்டும். கார்க் வழியாகக் கசிந்த நீர். பாவாடையில் முழங்காலுக்கு மேலே வட்டமாக ஈரம் இருக்கும். அவர் வெட்கப்பட்டார்.

"எனக்கு எச்சில் கூடுதல் சேர். சின்ன வயசுலயும் அப்படித்தானாம்."

அடுத்த வாரத்திலிருந்து ஒரு வெட்டுத்துணியை மடியில் விரித்துக்கொண்டார். அந்தத் துணியில் சொட்டுச் சொட்டாக விழுந்ததை நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்துப் பலசரக்குக் கடைக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர். அண்ணன் முறையில் எல்லாருக்கும் அவர் நானா. ஒருநாள் நான் உள்ளே இருக்கும்போது கதவடியில் குனிந்து எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, கோவிக்காதீங்க. இத்தின மாசமா ஒரே எடத்துல உடையுது. சாமான்ல ஏதும் பிழை இருக்கோ?"

"சீச்சீ, சேர் குடுத்த குழல் நானா. சேர் பார்க்காமக் குடுப்பாரா?"

நானா என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த கலண்டரைப் பார்த்தேன்.

"அல்லாஹ் லேசாக்குவான்" என்று சொல்லிவிட்டு நானா போனார்.

மழைக்காலத்தில் ஒருநாள் காலை எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். குரல் மூச்சிரைத்தது. "சேர், நின்னுருச்சு! அஞ்சும் நின்னுருச்சு! அப்பாவும் கேட்டார்!" குழலை முதல் நாள் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தாராம். நான் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டு வெயில் ஏறியிருந்தது. ஊதினார். சோ மறுபடியும் டோவில் விழுந்தது.

ஈரத்தில் கார்க் கொஞ்சம் ஊதிப் பருத்துத் துளையை அடைத்திருக்கும். காய்ந்ததும் சுருங்கியிருக்கும். எனக்கு அது அங்கேயே விளங்கிவிட்டது. அவரோ அன்று காலை தான் என்ன சரியாகச் செய்தோம் என்று யோசிக்கத் தொடங்கினார். அடுத்த சில நாட்கள் அந்தக் காலையை அப்படியே திரும்பச் செய்து பார்த்தார். அதே பாவாடை. காலைச் சாப்பாட்டுக்கு அதே மாதிரிப் பாணும் சம்பலும். அப்பாவின் கட்டிலுக்கு அதே பக்கத்தில் நிற்பது. கட்டிலில் கிடந்த அப்பா சிரித்தார். அவருக்குப் பேச்சு கொஞ்சம் குழறும். ஆனால் குசும்பு குறையவில்லை.

"என்னயத் தூக்குறதுக்குள்ள ஒரு பாட்டாவது பழகிடு புள்ள. இல்லாட்டி நானே எந்திரிச்சு ஊதிக்கிட்டுப் போக வேண்டியதுதான்."

பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "யாரோ எவனோ எனக்குப் பிடிமண் போடுறதுக்கு, இவ போட்டா நல்லாயிருக்கும் சேர். உங்கள நம்பித்தான்."

நான் தலையாட்டினேன்.

இப்போது பல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுதத் தொடங்கியதிலிருந்து இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன்.

அவருக்கு மேல்வரிசையில் முன்பல் ஒன்று கொஞ்சம் வெளியே தள்ளியிருக்கும். சிரிக்கும்போது அது முதலில் தெரியும். முகத்துக்கு ஒரு குறும்பைக் கொடுத்த பல் அது. உதடு, மூச்சு, முதுகு, சாப்பாடு எல்லாம் பார்த்து முடித்துவிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பல்லை விரலால் தொட்டுக்கொண்டு கேட்டார்: "இதாலயா இருக்கும் சேர்? ஊதுவாய் இதுலதான் முட்டுது."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். கார்க் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், இத்தனை மாதம் ஏன் சொல்லவில்லை என்று வரும். ஒரு பொய்யை வெகுநாள் வைத்திருந்தால் அதைக் காப்பாற்றுவதே ஒரு வேலையாகிவிடுகிறது.

"இருக்கலாம்மா. ஊதுறவங்களுக்குப் பல் வரிசை முக்கியம்தான்" என்றேன்.

அடுத்த ஞாயிறு அவர் கடை பூட்டியிருந்தது. அதற்கடுத்த ஞாயிறு போனபோது கையால் வாயை மூடிக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். பல்லைப் பிடுங்கியிருந்தார். நல்ல பல்லைப் பிடுங்க மாட்டோம் என்று முதலில் சொன்னார்களாம். தாங்க முடியாத வலி என்று பொய் சொல்லிப் பிடுங்க வைத்தாராம். அதைச் சொல்லும்போது அவருக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

"ஆறினதும் சரியாயிரும் சேர். இனிப் பல்லு முட்டாது."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "எதுக்குப் பிடுங்கினா?" என்றாள். ட்ரம்பெட்டுக்காக என்றேன். முதலில் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "நீங்க என்ன சொன்னீங்க அவகிட்ட?" என்று கேட்டாள். நான் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டேன்.

அவருடைய ஈறு ஆறுவதற்கு முன்பே அப்பா போய்விட்டார்.

காலையில் செய்தி வந்தது. கூடாரமும் கதிரைகளும் அனுப்பினேன். மத்தியானம் தாண்டி நானும் போனேன். பல்லேபொல பக்கத்திலிருந்து அவருடைய ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் காரியம் செய்ய வந்திருந்தார். பேண்ட்காரர்கள் வாசலில் ட்ரம்மை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். மகள் என்னை வீட்டின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். கையில் அந்த ட்ரம்பெட். அதற்கு ஓர் உறை தைத்திருந்தார், உள்ளே பஞ்சு வைத்து, குழந்தைக்குத் தைப்பதைப்போல.

"சேர், ஊத மாட்டேன். வாய் இன்னும் ஆறல. சும்மா கையில பிடிச்சிக்கிட்டு மாஸ்டருக்குப் பின்னால வர்றேனே. வாயில வச்சிக்கிட்டு ஊதுற மாதிரி வர்றேன். யாருக்கும் தெரியாது. குழி வரைக்கும் மட்டும்."

"அப்படிச் செய்யக்கூடாதும்மா. சும்மா பிடிச்சிட்டு வந்தா சனம் சிரிக்கும். சங்கத்துக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்கு."

"ஒரே ஒருக்கா சேர்."

"அஞ்சு சுரமும் நின்னிருந்தா நானே கூட்டிட்டுப் போயிருப்பேன்."

இந்த வாக்கியத்தை நான் உண்மையாகவே சொன்னேன், இதே வார்த்தைகளில். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமா சேர். இன்னும் கொஞ்சம் முயற்சி செஞ்சிருக்கணும். பிழை என்னோடதுதான்."

ஊர்வலம் சந்திக்கு வந்தது. அங்கேதான் பெண்கள் நிற்பார்கள். வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு அழுதுவிட்டுத் திரும்புவார்கள். வீடு கழுவ வேண்டும், குளிக்க வேண்டும். அன்றும் நின்றார்கள், திரும்பினார்கள். அவர் மட்டும் திரும்பவில்லை. ரோட்டின் ஓரத்தில் உறையோடு ட்ரம்பெட்டை அணைத்துக்கொண்டு நின்றார். ஒரு அடியும் முன்னால் வைக்கவில்லை. வைத்திருந்தால் யாராவது தடுத்திருப்பார்களா? இன்றைக்கு எனக்குச் சந்தேகம்தான். அவரைத் தடுத்தது சனமில்லை. ஐந்து சுரம் நிற்கவில்லை என்ற என் பேச்சை அவர் சட்டமாக எடுத்துக்கொண்டார். நான் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். பிறகு பார்க்கவில்லை.

கருமாதி முடிந்து சில நாள் கழித்து, சனிக்கிழமை மாலை, பேண்ட் பழகும் நேரத்தில் ட்ரம்பெட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தார். மாஸ்டர் உறையைப் பிரித்து, பழக்கத்தில் வாயில் வைத்து ஊதினார். உடனே எடுத்துவிட்டு வளைவைத் திருப்பிப் பார்த்தார்.

"என்ன சேர் இது? இதையா இவங்களுக்குக் குடுத்தீங்க? கார்க் தேஞ்சிருக்குன்னு நான் அன்னைக்கே சொன்னேனே!"

மண்டபத்தில் ட்ரம் அடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள்.

"மறந்துட்டேன் மாஸ்டர்" என்றேன்.

மாஸ்டர் தன் கட்டைவிரலால் அந்தத் துளையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு குழலை அவருடைய வாயருகே நீட்டினார். "நீங்க ஊதுங்க தங்கச்சி. நான் பிடிச்சிக்கிறேன்."

அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். மாஸ்டர் விடவில்லை. ஊதினார். டோ. ரே. மி வந்தது, ஒரு கீறல் இல்லாமல். ஃபா. பிறகு சோ. பல் போன இடத்தோடு, ஆறியும் ஆறாத வாயோடு, அந்தச் சோ மண்டபத்தின் தகரக் கூரையில் போய் முட்டி நின்றது. ஒரு மூச்சு முழுதும் நின்றது.

அவர் குழலிலிருந்து வாயை எடுத்துக் கையால் மூடிக்கொண்டார். பல் போனதிலிருந்து அது அவருக்குப் பழக்கமாகியிருந்தது. அவர் சொன்னது என் காதில் இன்றும் இருக்கிறது.

"சேருக்கு எவ்வளவோ வேலை. எங்க ஞாபகம் இருக்கப்போவுது. நானா அப்பவே சொன்னாரு, சாமான்ல பிழையோன்னு. நான்தான் காது குடுக்கல. நான் பார்த்திருக்கணும்."

மாஸ்டர் அவரைப் பேண்டில் சேரச் சொன்னார். கமிட்டியோடு தான் பேசுவதாகவும் சொன்னார். பேசவும் செய்தார். ஆச்சரியம் என்னவென்றால், எந்தப் பெரியவரும் குதிக்கவில்லை. "ஊதத் தெரிஞ்சா வரட்டுமே" என்றார் ஒருவர். மற்றவர்கள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். நான் பயந்த எதிர்ப்பு என் மண்டைக்குள் மட்டுமே இருந்திருக்கிறது. ஆனால் அவர் சேரவில்லை. "இனி எதுக்கு மாஸ்டர்" என்று சொல்லிவிட்டாராம்.

அதற்குப் பிறகு நான் சட்டை தைக்க வேறு கடைக்குப் போனேன். தெருவில் கண்டால் அவர் பழையபடி, "சுகமா சேர்?" என்பார். கையால் வாயை மறைத்துக்கொண்டு சிரிப்பார். அவர் என்னை வெறுத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மனைவியிடம் ஒருநாள் எல்லாவற்றையும் சொன்னேன். "என்கிட்டச் சொல்லி என்ன பிரயோசனம்?" என்றாள். அன்றிலிருந்து அவள் என்னை மேடைக்குப் போகச் சொல்லி ஒருபோதும் சட்டை எடுத்துத் தந்ததில்லை.

இரண்டு வருடம் இழுத்தேன். கடைசியில் ஒரு காலை நேரம், கடையில் வேறு யாரும் இல்லாததைப் பார்த்து உள்ளே போனேன். அவர் ஒரு வெள்ளை யூனிஃபோமுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சேர். இப்ப இந்தப் பக்கம் வர்றதே இல்ல. நான் தைச்சது எதுவும் சரியில்லையோன்னு நினைச்சிக்கிட்டேன்."

"அன்னைக்கு மறந்துட்டேன்னு சொன்னது பொய்" என்றேன். உட்காரக்கூட இல்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும். "மறக்கல. கார்க் தேஞ்சதுன்னு தெரிஞ்சேதான் குடுத்தேன். நீங்களா விட்டுட்டுப் போகட்டும்னு குடுத்தேன்."

மெஷின் நின்றது.

"பல்லு?"

"பல்லுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லன்னும் தெரியும்."

அவர் நூலை வெட்டினார். தைத்த சட்டைக்கையைத் திருப்பிப் பார்த்தார். மேசையில் வைத்தார். நான் எதிர்பார்த்தது என்ன என்பதையும் எழுதிவிடுகிறேன். "பரவாயில்ல சேர், நான்தான் பார்த்திருக்கணும்" என்று சொல்வார் என்றே எதிர்பார்த்துப் போயிருந்தேன். அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கலாம் என்று.

"தினமும் அப்பா படத்துக்கு விளக்கு வச்சிட்டு, என்னால பழக முடியாமப் போச்சுப்பா, மன்னிச்சிருங்கன்னு கேட்டுக்குவேன் சேர்" என்றார். குரல் உயரவில்லை. "அப்படிக் கேட்டா கொஞ்சம் ஆறும். இனி அவர்கிட்ட என்னத்தக் கேக்கிறது?"

"என்னை மன்னிக்கணும்."

அவர் என்னை நேராகப் பார்த்தார். வாயை மறைக்கவில்லை. பல் இல்லாத இடம் கறுப்பாகத் தெரிந்தது.

"இல்ல சேர். இது உங்க பிழை. நீங்களே வச்சிக்கங்க."

கதவடியில் ஒரு தாய் மகளோடு வந்து நின்றார். அவர் எழுந்தார். "வாங்க, உள்ள வாங்க" என்று அவர்களை அழைத்தார். அவர்கள் உள்ளே வர இடம் வேண்டியிருந்தது. நான் வெளியே இறங்கி வழிவிட்டேன்.